இரட்டைச் சுழிக்காரனின் முடிவெட்டுக் கணக்கு

என் உச்சந்தலையில் இரண்டு சுழிகள். ஒன்று வலப்பக்கம் சுற்றும். அதிலிருந்து இரண்டு விரல் தள்ளி மற்றது இடப்பக்கம் சுற்றும். இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு கல்யாணம் என்று பெத்தம்மா, அதாவது என் பாட்டி, சொல்லிக்கொண்டே இருப்பார். கல்யாணம் ஒன்றோடு நின்றுவிட்டது. ஆனால் சலூன் விஷயத்தில் ஒருவரோடு நிற்க முடியாமல் இருபது வருடம் அலைந்துவிட்டேன்.

சிக்கல் இதுதான். இரண்டு சுழிகளுக்கும் நடுவே உள்ள முடி எந்தப் பக்கம் சாய்வது என்று தெரியாமல் நிற்கும். அதை நீளமாக விட்டால் தன் பாரத்திலேயே படுத்துக்கொள்ளும். கட்டையாக வெட்டினால் சேவற்கொண்டைபோல எழும்பிவிடும். எண்ணெய், தண்ணீர், தொப்பி எதற்கும் அடங்காது. கத்தரி எடுப்பவர் முதலில் விரலால் உச்சியைத் தடவிப் பார்த்திருந்தால் தெரிந்துவிடும். தடவிப் பார்ப்பவர்கள் குறைவு.

சென்ற வருடம் மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்கு முன்பு, ஒருமுறையாவது நல்ல இடத்தில் வெட்டிப் பார்ப்போம் என்று மட்டக்களப்பு நகரில் உள்ள குளிரூட்டிய கடை ஒன்றுக்குப் போனேன். பெயர் வேண்டாம். சாய்கதிரை, தலை கழுவத் தனித் தொட்டி, கழுத்தைச் சுற்றக் காகிதப் பட்டி, எல்லாம் இருந்தது. ஒரு பையன் கைபேசியில் நாற்பது தலைகளைக் காட்டி எது வேண்டும் என்று கேட்டான். நாற்பதில் ஒன்றுகூட ஐம்பது வயதுத் தலை இல்லை. "சாதாரணமாக வெட்டுங்கள் தம்பி" என்றேன். அந்தச் சொல்தான் என்னைக் கவிழ்த்தது. "நம்பர் எத்தனை?" என்றான். பக்கத்துக்குத்தான் கேட்கிறான் என்று நினைத்து "இரண்டு" என்றேன். அவன் காதருகே தொடங்கி, உச்சி வரைக்கும் ஒரே இழுப்பில் கொண்டுபோய்விட்டான்.

மெஷினில் மாட்டும் சீப்புக்கு நம்பர் உண்டு. ஒன்று என்றால் 3 மில்லிமீற்றர், இரண்டு என்றால் 6. தலைமுடி மாதத்துக்குச் சுமாராக ஒன்றேகால் சென்ரிமீற்றர் வளரும். என் உச்சி முடி படுக்க மூன்று சென்ரிமீற்றராவது வேண்டும். ஆகவே ஏறக்குறைய இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்துக்குள் கல்யாணமும் வந்தது, புகைப்படக்காரரும் வந்தார். அல்பத்தில் மணமக்களுக்குப் பின்னால் ஒரு கொண்டை நிற்கிறது, அதன் கீழே நான் இருக்கிறேன். இதற்கு 1,800 ரூபாய். எழுந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டு "நல்லாயிருக்கிறது தம்பி" என்று சொன்னேன். நம்மில் யாரும் சலூன் கண்ணாடிக்கு முன்னால் உண்மை சொல்வதில்லை.

அதற்குப் பிறகுதான் முடிவெட்டுக்கு எங்கே போவது, என்ன கொடுப்பது என்று ஒழுங்காக யோசித்தேன்.

நான் இருப்பது மட்டக்களப்பு வாவிக்கு இந்தப்பக்கம், கல்லடியில். வேலை அந்தப்பக்கம், நகரில். 1924இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013இல் புதிய பாலம் வந்துவிட்டது. காலையில் புதிய பாலத்தால் பஸ்ஸில் போவேன், மாலையில் பழைய பாலத்தால் நடந்து வருவேன். இந்த வழியிலும், தெற்கே காத்தான்குடி, ஆரையம்பதி வரையிலும் ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கியிருக்கிறேன். 400 ரூபாயிலிருந்து 1,800 வரை கொடுத்திருக்கிறேன். விலைக்கும் வெட்டுக்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பதைச் சொந்தத் தலையில் எழுதிப் பார்த்தவன் நான். 1,800இல் கூடுதலாகக் கிடைப்பது குளிர்காற்று, கழுவல், தோளைப் பிடித்துவிடுதல். சித்திரை மாத வெக்கையில் அதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த அரை மணி நேரக் குளிருக்காக மட்டுமே போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கடைக்குள் நுழைந்ததும் நான் பார்ப்பது இரண்டு விஷயம். சவரத்துக்கு என் கண் முன்னே புது பிளேட்டை உடைக்கிறாரா என்பது ஒன்று. உறையோடு நடுவில் மடித்து ‘டிக்’ என்று இரண்டாக ஒடித்து, பாதியைக் கத்தியில் செருகுவார்களே, அந்தச் சத்தம் கேட்க வேண்டும். ஈரல் அழற்சிக் கிருமியும் எச்.ஐ.வி.யும் இரத்தம் பட்ட பிளேட்டால் தொற்றக்கூடியவை. பழைய பாதியைத் துவாயில் துடைத்துவிட்டு வருபவரிடம் நான் தாடியை நீட்ட மாட்டேன், இலவசமாக என்றாலும். மற்றது, தண்ணீர் தெளிப்பதற்கு முன் தலையைக் காய்ந்தபடியே ஒருமுறை பார்க்கிறாரா என்பது. நனைந்த முடி எல்லாம் ஒழுக்கமான முடிதான். சுழி தன் குணத்தைக் காட்டுவது காய்ந்திருக்கும்போது.

நாளையும் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்கள் செவ்வாய், வெள்ளியில் முடி வெட்ட மாட்டார்கள். காத்தான்குடியில் வெள்ளி ஜும்ஆவுக்குத் தலையைத் திருத்திக்கொண்டு போவது வழக்கமாகையால் வியாழன் இரவு இடமே கிடைக்காது. ஒரு வியாழன் அங்கே போய் ஒன்பதாவது ஆளாக உட்கார்ந்திருந்தேன். கடைக்காரர், "செவ்வாய்க்கிழமை வாருங்கள் தம்பி, கதிரை உங்களுக்காகக் காத்திருக்கும்" என்றார். அவரை எல்லோரும் காக்கா (அண்ணன்) என்று கூப்பிட்டார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் சொன்னதுபோலச் செவ்வாயில் போனேன். கடையில் நானும் மின்விசிறியும்தான். நல்ல வெட்டு, 450 ரூபாய், பிளேன் டீயும் கிடைத்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மாவின் படத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. அவர் இருந்திருந்தால் வாசலிலேயே நிறுத்திக் கிணற்றடிக்கு அனுப்பியிருப்பார்.

என் தலையைச் சரியாக அறிந்தவர் ஒருவர்தான். எங்கள் ஊர் களுவாஞ்சிகுடிப் பக்கம். அங்கே 1978 சூறாவளிக்குத் தப்பிய ஒரு பூவரசின் கீழ் ஒரு மரக்கதிரை, ஆணியில் தொங்கும் கண்ணாடி, கத்தி தீட்ட ஒரு தோல்வார், ஒரு கை மெஷின், பித்தளைக் கிண்ணம், படிகாரக் கட்டி. இவ்வளவும்தான் அவருடைய கடை. முதலில் இடதுகைப் பெருவிரலை என் இரண்டு சுழிகளுக்கும் நடுவே வைத்து மெல்ல அழுத்துவார். விரல் இருக்கும் இடத்தைச் சுற்றி வெட்டிக்கொண்டு வந்து, கடைசியில் விரலை எடுப்பார். அந்த இடத்தில் கத்தரி படவே படாது. எப்படி வெட்டவேண்டும் என்று அவர் என்னிடம் ஒருநாளும் கேட்டதில்லை. கை மெஷின் பிடரி முடியைப் பிடித்து இழுக்கும்போது வலிக்கும், அப்போது மட்டும் "பொறுங்கள் தம்பி" என்பார். எனக்கு அப்போது ஏழு வயது. அவருக்கு ஐம்பது இருக்கும்.

ஏழு வயதுக்காரனை ஐம்பது வயதுக்காரர் "பொறுங்கள்" என்கிறார். அது அன்பு என்றே நீண்ட காலம் நினைத்துக்கொண்டிருந்தேன். என் பெத்தப்பா அவரை "டா" போட்டுத்தான் கூப்பிடுவார். அப்பா "நீ" என்பார். நான் என்ன சொல்வது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அதனால் ஒன்றும் சொல்லாமலே பேசிப் பழகினேன். ‘தண்ணீர் தெளித்தாயிற்றா’, ‘முடிந்துவிட்டதா’ என்று ஆளில்லாத வசனங்களாகவே பேசுவேன்.

விலை என்று ஒன்று அவரிடம் இருந்ததே இல்லை. பெத்தப்பா காலத்தில் குடிமை முறை. போடியார் (பெரிய வயற்காரர்) வீடுகளின் தலைகளெல்லாம் வருடம் முழுவதும் அவர் பொறுப்பு. வெள்ளாமை வெட்டிச் சூடடித்து முடிந்ததும், களவெட்டியிலேயே (நெற்களத்தில்) அவருக்குரியதை மரைக்காலால் அளந்து கொடுப்பார்கள். விளைச்சல் நன்றாக இருந்தால் நிரம்ப அளப்பார்கள், இல்லையென்றால் தலைதட்டி அளப்பார்கள். முடி மட்டும் இரண்டு போகத்துக்கும் ஒரே அளவுதான் வளர்ந்தது. (முஸ்லிம் ஊர்களில் இந்த இடத்தில் ஒஸ்தாமார் இருந்தார்கள். முடிவெட்டோடு சுன்னத்தும் அவர்கள் கையில்.) அப்பா காலத்தில் நெல் போய்க் காசு வந்தது. ஆனால் எவ்வளவு என்பது வரவில்லை. "எவ்வளவு?" என்று அப்பா கேட்பதும் இல்லை. அவராகச் சொன்னதும் இல்லை. "தருவதைத் தாருங்கள்" என்பார், நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

நகரத்துக் கடைகளில் ஏமாந்து திரும்பும் ஒவ்வொரு முறையும் நான் அந்தப் பூவரசை நினைத்து ஏங்கியிருக்கிறேன். விலைப்பலகை இல்லாத இடம், மனிதனை மனிதன் அறிந்த இடம் என்றெல்லாம் நண்பர்களிடம் பேசியிருக்கிறேன். இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

அப்பா 1998இல் இறந்தார். நான் ஒரே மகன், கொள்ளி வைப்பவன். பூவரசடிக்காரர் வீட்டுக்கு வந்தார். கிணற்றடியில் பலகை போட்டு என்னை உட்கார வைத்தார். அவருடைய மகன், பத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுவன், தண்ணீர்க் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான். முற்றத்தில் பறை ஒலித்துக்கொண்டிருந்தது. மீசையில் நுரை தடவிவிட்டு, கத்தியை வைக்கும் முன்பு குனிந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, அடையாள அட்டைப் படத்தில் மீசை இருக்கிறதா?"

இருக்கிறது என்றேன்.

"அப்படியென்றால் மரணச் சான்றிதழின் பிரதி ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் முகத்தைப் பார்த்துவிட்டு அட்டையைப் பார்ப்பார்கள்."

அந்த வீட்டில் அன்று என்னைப் பற்றி யோசித்த ஒரே ஆள் அவர்தான். சொன்னது அப்படியே நடந்தது. எட்டாம் நாள் வேலைக்குப் போகும் வழியில் என்னை இறக்கினார்கள். பிரதியை நீட்டினேன், விட்டுவிட்டார்கள்.

வழித்து முடிந்ததும் என்ன கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது? செத்த வீட்டில் விலை கேட்கலாமா? வெற்றிலையில் 500 ரூபாயை வைத்து நீட்டினேன். அன்று நான் நகரில் முடிவெட்டக் கொடுத்தது 40 ரூபாய். அவர் தாளைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் வாங்கி, மடியில் செருகிக்கொண்டு, பின்பக்கத்தால் போனார். "அவனுக்கு எதற்கு இவ்வளவு?" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. வேலிக்கு அந்தப்பக்கம் போய்க்கொண்டிருந்த சிறுவன் திரும்பிப் பார்த்தான். அவன் காதில் விழுந்துவிட்டது.

அந்தச் சிறுவனின் கடையில்தான் இன்று நான் முடி வெட்டுகிறேன்.

கொண்டை வளர்ந்துகொண்டிருந்த இரண்டாம் மாதம், கல்லடியில் ஒரு சிறிய சலூனின் பலகையைப் பார்த்து நின்றேன். அச்சடித்த பலகை இல்லை, வெள்ளைப் பலகையில் சிவப்பு வர்ணத்தால் கையால் எழுதியது. முடிவெட்டு 500. தாடி 300. சிறுவர் 400. சாயம் 1,000. எல்லாவற்றுக்கும் கீழே கோடு போட்டு, ‘வீடுகளுக்கு வருவதில்லை’. எழுத்து அழகாக இருந்ததால் உள்ளே போனேன். "வாருங்கள் அண்ணன்" என்று கூப்பிட்டவர் நாற்பது வயதுக்காரர். இரண்டு நிமிடம் கழித்துத்தான் இருவருக்கும் அடையாளம் தெரிந்தது. அன்று என்னை எந்த முறைப்பெயராலும் கூப்பிடாமல் நின்ற பையன் இப்போது அண்ணன் என்கிறார். சொன்னால் வெட்கம், என் வாயில் முதலில் வந்தது "நீ". நாக்கைக் கடித்து "நீங்கள்" ஆக்கினேன். அவர் கவனித்தார், கவனிக்காததுபோலத் துவாயை உதறினார்.

பெரியவர் போய்விட்டாராம், 2016இல்.

வெட்டிக்கொண்டிருக்கும்போது பேச்சு விலைக்கு வந்தது. 2019இல் இதே வெட்டு 200 ரூபாய்க்குக் கிடைத்ததே என்று சும்மா சொன்னேன். அவர் சிரித்தார். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. மெஷின் ஓடாது, கத்தரியால் வெட்டினாராம், வாசலில் வெளிச்சம் இருக்கும் வரை. அந்த ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதம் ஏறியது. ஆறு மாதம் போக, 2023 பெப்ரவரியில் மீண்டும் 66 சதவீதம். இடையில் செப்டெம்பரில் பணவீக்கம் எழுபது சதவீதத்தைத் தொட்டது. பிளேட், பவுடர், கடை வாடகை எல்லாம் அதோடு ஏறின. "அரிசி விலை ஏறினால் அரிசிக்காரரிடம் யாரும் நியாயம் கேட்பதில்லை அண்ணன். எங்களிடம் மட்டும், கத்தரிதானே, கைதானே, அதற்கு என்ன செலவு என்கிறார்கள்" என்றார்.

இது எனக்குப் பழைய பாடம் ஒன்றை நினைவூட்டியது. அமெரிக்கப் பொருளியலாளர்கள் வில்லியம் போமோல், வில்லியம் போவன் இருவரும் 1966இல் நிகழ்த்துகலைகளின் செலவைப் பற்றி எழுதினார்கள். நால்வர் சேர்ந்து வாசிக்கும் ஓர் இசைக்கு இருநூறு வருடத்துக்கு முன்பும் நால்வர் வேண்டும், இன்றும் நால்வர் வேண்டும், நேரமும் அதே நேரம். ஆலையில் ஒரு மணி நேரத்தில் செய்யும் பொருளின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போகிறது, கூலியும் ஏறுகிறது. வாசிப்பவர்களுக்கும் அந்தக் கூலிக்கு ஈடாகக் கொடுக்காவிட்டால் அவர்கள் வாசிப்பை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். முடிவெட்டும் அப்படித்தான். பெரியவர் என் தலைக்கு எடுத்த இருபத்தைந்து நிமிடத்தையேதான் மகனும் எடுக்கிறார். ஞாயிறு என்றால் இருபது தலை, செவ்வாயில் மூன்று. மாத வாடகை 25,000. அவருடைய வகுப்புத் தோழர்கள் கத்தாரில் இருக்கிறார்கள். இவர் இங்கே கதிரைக்குப் பின்னால் நிற்பதற்கு 500 அதிகமா என்று கேட்டால், எனக்குக் குறைவாகத்தான் படுகிறது.

"அப்பா விலையே சொல்ல மாட்டாரே" என்றேன். புகழ்ச்சியாகத்தான் சொன்னேன்.

கத்தரிச் சத்தம் நின்றது. "அவர் சொல்லாமல் இருக்கவில்லை அண்ணன். சொல்ல முடியாமல் இருந்தார். ஒருமுறை ஒரு வீட்டில் இவ்வளவு என்று சொல்லியிருக்கிறார். ‘உனக்கு விலை பேசும் அளவுக்கு வந்துவிட்டதா’ என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம் அந்தத் தெருவில் ஒரு தலையும் வரவில்லை." பிறகு மீண்டும் கத்தரி ஓடத் தொடங்கியது. "கடை திறந்த அன்று முதலில் செய்த வேலை பலகை எழுதியதுதான். கண்ணாடிகூட அதற்குப் பிறகுதான் வந்தது."

எந்த வீடு என்று அவர் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. எங்கள் தெருவில் போடியார் வீடுகள் நான்குதான்.

‘வீடுகளுக்கு வருவதில்லை’ என்ற வரியில் ஊரில் பலருக்குக் கோபம். செத்த வீட்டுக்கு அவர் வரமாட்டார், மாப்பிள்ளைச் சவரத்துக்கும் வரமாட்டார். வேண்டுமென்றால் மாப்பிள்ளை கடைக்கு வந்து வரிசையில் உட்காரலாம், 300 ரூபாய். சென்ற மாசி மாதம் சொந்தத்தில் ஒரு மரணம். பெரியவர்கள் இரண்டு பேர் அவரைக் கூட்டிவரப் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். "பரம்பரைக் கடமையை விட்டுவிட்டான், பணம் வந்துவிட்டது" என்று பந்தலில் ஒரே பேச்சு. கடமை என்றால் எங்கள் பக்கத்துக் கடமை எது என்று கேட்க வாயெடுத்தேன். செத்த வீடு, விட்டுவிட்டேன். இப்போது எழுதுகிறேன். அம்மாவின் காரியத்தன்று நான் குளியலறையில் என் சவரக்கத்தியால் நானே வழித்துக்கொண்டேன். மேலுதட்டில் சின்ன வெட்டு ஒன்று விழுந்தது. வீட்டில் படிகாரம் இல்லை.

அந்த முதல்நாள் வெட்டு முடிந்ததும் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினார். கொண்டை போயிருந்தது. வெட்டும்போது உச்சியில் ஒரு பெருவிரல் அழுத்தியதா என்று ஞாபகப்படுத்திப் பார்த்தேன். இல்லை. சீப்பால் அந்த இடத்தை முன்பக்கமாக வாரி, ஒரு கிளிப்பால் பிடித்து வைத்துவிட்டு மற்றதை வெட்டியிருந்தார். அப்பாவின் முறை அவருக்குத் தெரியும், நின்று பார்த்தவர். ஆனாலும் தன்னுடைய முறைதான்.

நான் 700 ரூபாய் எடுத்து நீட்டினேன். ஏன் 700 என்று இப்போதும் எனக்குத் தெரியாது. களவெட்டியில் தலைதட்டி அளந்த நெல்லுக்கா, அந்த வீட்டுக்கா, நாக்கில் வந்த "நீ"க்கா. 200 ரூபாயை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அவர் ஒரு கையால் வாங்கினார், எண்ணினார், இரண்டு நூறு ரூபாய்த் தாள்களைத் திருப்பித் தந்தார்.

"வைத்துக்கொள்ளுங்கள்" என்றேன்.

"பலகையில் உள்ளதுதான் அண்ணன்" என்றார். அடுத்தவர் கதிரையில் ஏறிவிட்டார்.

சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். பழைய பாலத்தில் ஏறும்போது வாவிக் காற்று பலமாக அடித்தது. பழக்கத்தில் கை உச்சிக்குப் போனது. முடி படுத்தே கிடந்தது.